இன்னும் இரண்டடி

உங்கள் எழுத்தருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. இருந்தாலும் இதை நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் பத்து வாக்கியம் சொன்னால் அவர் ஒன்றாகச் சுருக்கிவிடுகிறார். அரசாங்க அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். சுருக்கி எழுதுகிறவரிடம் ஒரு விஷயத்தைக் கொடுத்தால் கடைசியில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். தாள் நல்ல தாளாக இருக்கிறது. மின்விசிறியும் ஓடுகிறது. நீங்கள் உங்கள் மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

என் உத்தியோகம் கட்டட அனுமதிப் பிரிவில். கட்டுகிறவர்கள் வரைபடத்தில் காட்டியபடிதான் கட்டுகிறார்களா என்று அளவு நாடாவோடு போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதவேண்டும். படி எத்தனை அங்குலம், கைப்பிடிச் சுவர் எத்தனை அடி, எந்த மாடியில் எந்தப் பக்கம் இன்னும் அடைக்கவில்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அது வயிற்றுப்பாடு. மனதுக்காக நான் செய்வது புகைப்படம். இருபத்தாறு வருடமாக எடுக்கிறேன். பொழுதுபோக்காக மட்டும்தான் எடுக்கிறேன்; ஒரு படத்துக்குக்கூட யாரிடமும் கை நீட்டியதில்லை. இந்த வரியை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொண்டால் நல்லது.

கேமராவை வைத்துப் பிழைக்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் மணமகனின் தாடையைப் பிடித்துத் திருப்புவார்கள். கொஞ்சம் சிரிங்க சார் என்பார்கள். சிரிக்கத் தெரியாத மனிதர் பல்லைக் காட்டியதும் திருப்தியாகப் பொத்தானை அமுக்குவார்கள். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றி மரு, தழும்பு, வயது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மாவு பிசைந்து வைத்ததுபோல ஒரு முகத்தைக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்கிறவர்களுக்கும் வாயெல்லாம் பல். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பசிக்கிறது, செய்கிறார்கள்.

நான் எடுப்பது பூட்டிய கதவுகள், ஈரம் படிந்த சுவர்கள், யாரும் ஏறாத படிக்கட்டுகள். மனிதர்களை எடுப்பதில்லை. மனிதர்கள் அசைவார்கள், அசைந்து முடித்ததும் காட்டுங்க என்று கழுத்தை நீட்டுவார்கள். என்னிடம் ஈரம் புகாத கண்ணாடி அலமாரியில் பதினான்கு லென்ஸ்கள் இருந்தன. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்குப் பதினோரு வருடமாக நான்தான் தலைவர். மொத்தம் ஒன்பது பேர். பறவைகளை மட்டும் எடுக்கிற ஒரு பல் டாக்டர், சூரியன் மறைவதை எத்தனை தடவை எடுத்தாலும் அலுக்காத ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், இப்படி. நல்ல மனிதர்கள்தான், கண்தான் கிடையாது. போட்டிகளுக்குப் படம் அனுப்பும் வழக்கம் எனக்கு இல்லை. அனுப்பிய ஏழு தடவையும் நடுவர்களுடைய தரம் தெரிந்துவிட்டது, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி மாப்பிள்ளை. என் ஒரே தங்கையின் கணவர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அவர் என்னை மச்சான் என்பார், நான் மாப்பிள்ளை என்பேன். ஒருவரையொருவர் ஒருமையில் பேசியது கிடையாது. கடைசி நிமிடம்வரை அந்த மரியாதை குறையவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எலும்பைப் படம் எடுக்கிறவர் என்று நான் அவரைக் கிண்டல் செய்வதுண்டு. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எதற்குத்தான் சிரிக்கமாட்டார். அந்தச் சிரிப்பை வெகுநாள்வரை நான் அசட்டுத்தனம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் குடும்பம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு தங்கை வீட்டில். சாப்பிட்ட பிறகு அந்த வாரம் நான் எடுத்த படங்களைக் காட்டுவேன். தங்கை ஒவ்வொன்றையும் பார்த்து, நல்லா இருக்கண்ணா என்பாள். அவள் கணிதம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூட ஆசிரியை, படம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் மற்ற ஆறு நாளையும் ஓட்டிவந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

மாப்பிள்ளை கையில் கேமரா வந்ததும் என்னால்தான். ஐந்து வருடத்துக்கு முன்பு நான் புதியது வாங்கியபோது, பழையதைத் தூக்கிப் போட மனமில்லாமல் அவரிடம் கொடுத்தேன். கூடவே ஒரே ஒரு லென்ஸ். ஜூம் கிடையாது, பெரிதாகத் தெரியவேண்டுமென்றால் கிட்டே நடந்து போகவேண்டும், முழுதாகத் தெரியவேண்டுமென்றால் காலால் பின்னுக்குப் போகவேண்டும். எனக்குத் தொல்லையாக இருந்ததால்தான் அதைத் தள்ளிவிட்டேன். மனிதர் சொத்து எழுதி வைத்ததுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் எடுத்ததெல்லாம் மனிதர்களை. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற பெண், லிஃப்ட் இயக்குகிறவர், மருந்துக்கடை வாசலில் வரிசையில் நிற்கிறவர்கள், என் தங்கை. முதல் சில மாதம் நான் திருத்தம் சொன்னேன். பிறகு திருத்தம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அப்போதும் சொன்னேன்.

அவரிடம் ஒரு தந்திரம் இருந்தது. எக்ஸ்ரே அறையில் பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன வார்த்தைகளைத்தான் கேமராவுக்குப் பின்னாலிருந்தும் சொல்வார். மூச்சை நல்லா இழுங்க, பிடிச்சுக்குங்க, விடுங்க. எக்ஸ்ரேயில் மூச்சைப் பிடித்திருக்கும்போது எடுப்பார்கள். இவர் விடும்போது எடுப்பார். மூச்சை விடுகிற அந்த நொடியில் யாருக்கும் முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது. உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அலுவலக உதவியாளரை நிற்கவைத்து நானும் ஒரு தடவை செய்து பார்த்தேன். அவருக்கு இருமல் வந்துவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் மாறியது. முதலில் என் படங்களுக்குப் பிறகு அவர் படங்களைப் பார்த்தோம். பிறகு அவர் படங்களுக்குப் பிறகு என் படங்கள். பிறகு என் படங்களை யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துப்போவதை விட்டுவிட்டேன். ஒரு நாள் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது, மச்சான், மூச்சை இழுங்க என்றார். நான் என்னவோ விளையாட்டு என்று இழுத்தேன். விடுங்க என்றார். விட்டேன்.

அடுத்த வாரம் அது அவர்கள் கூடத்துச் சுவரில், சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கையில் டீக் கோப்பையோடு ஒரு மனிதர். எதிரே வேறு யாரையோ பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள் போல. உதடு சிரிக்கிறது. கண் எதிரே இருப்பவரை அளவெடுக்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், அடடா, அப்படியே நீங்கதான் என்றார்கள். பல் டாக்டரும் சொன்னார். அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லி நான் தங்கையிடம் இரண்டு தடவை சொன்னேன். அவள், போங்கண்ணா, உங்க முகத்தை நீங்களே பார்த்ததில்ல என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிடப் போவதாகவும் இனிமேல் படம் எடுப்பதே தொழில் என்றும் சொன்னார். தங்கைக்கு முன்பே தெரிந்திருந்தது. அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பிடித்ததைப் பிழைப்பாக்கினால் பிடிப்பு போய்விடும். இன்றைக்கு உங்களுக்குப் பிடித்த முகத்தை எடுக்கிறீர்கள், நாளைக்குக் கூப்பிட்டவர் முகத்தை எடுக்கவேண்டும். காய்ச்சலோ மழையோ போய் நின்றாகவேண்டும். அவர்களுடைய தொப்பையை உள்ளே தள்ளவேண்டும், முடி கொட்டிய இடத்தில் முடி வைக்கவேண்டும். பொழுதுபோக்கு என்றால் நீங்கள் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. இருபத்தாறு வருடமாக நான் ஏன் அந்தத் திசையில் தலைவைத்தே படுக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள் என்றேன்.

அவர் வழக்கம்போலச் சிரித்தார். "நீங்க சொல்றது எல்லாம் சரி மச்சான். ஆனா வாரத்துல ஒரு நாள் மட்டும் மூச்சு விட்டுக்கோன்னு உங்ககிட்ட யாராவது சொன்னா ஒத்துக்குவீங்களா?"

இதற்குப் பதில் சொல்ல வாய் எடுப்பதற்குள் தங்கை குறுக்கிட்டாள். "அண்ணா, நீங்க ஏன் அந்தப் பக்கம் போகலைன்னு நான் சொல்லட்டுமா? உங்களை யாரும் கூப்பிடல."

விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. அன்று மாலை வீட்டுக்கு வந்து பதினான்கு லென்ஸையும் வெளியே எடுத்துத் துடைத்து வைத்தேன். ஒன்று கை தவறி விழுந்து உடைந்தது, இப்போது பதின்மூன்று.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டவர் ஒரு கான்ட்ராக்டர். கை முறிந்து எக்ஸ்ரேவுக்குப் போன இடத்தில், அறைக்கு வெளியே மாட்டியிருந்த படங்களைப் பார்த்துவிட்டு யார் எடுத்தது என்று விசாரித்திருக்கிறார். இந்தக் கான்ட்ராக்டரை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். அவருடைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆய்வுக்குப் போனவன் நான், பாதி நாள் தோளில் கேமராவோடு போயிருக்கிறேன். ஒரு நாளாவது, நீங்க படம் எடுப்பீங்களா சார் என்று கேட்டதில்லை. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றை முடிக்கிற கட்டத்தில் இருந்தார். அதன் உச்சியில் அவரும் அவர் மனைவியும் நிற்கிற மாதிரி ஒரு பெரிய படம் வேண்டும், கீழ் வாசலில் மாட்டவேண்டும் என்றார். படம் மனதுக்குப் பிடித்தால் வரும் வருடம் தன் கட்டடங்கள் அத்தனையையும் மாப்பிள்ளையே எடுக்கலாம் என்று வாக்குக் கொடுத்தார். மாப்பிள்ளை ராஜினாமாக் கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். படம் அமைந்தால் மறுநாள் காலை கொடுப்பது என்று ஏற்பாடு. அமையாவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு எலும்புக்கே திரும்பிவிடுவார். ஆகவே எல்லாம் அந்த ஒரு படத்தில் நின்றது. அவருக்கும் சரி, எனக்கும் சரி.

மாடியின் வெளிச்சம் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டார். மாலை ஐந்தேகால் மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெயில் இதமாக இருக்கும் என்றேன். வெயில் மேற்கிலிருந்து வரும், ஆகவே அவர்களைக் கிழக்கே நிறுத்திவிட்டு நீங்கள் மேற்கே நில்லுங்கள் என்றும் சொன்னேன். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வெளிச்சம் தெரிந்த எவரும் வேறு விதமாகச் சொல்லமுடியாது.

இங்கே மாப்பிள்ளையும் தங்கையும் வைத்திருந்த பழக்கம் ஒன்றை விளக்கவேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. அந்த லென்ஸைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை எப்போதும் பின்னால் நடந்துகொண்டேதான் படம் எடுப்பார். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கமாட்டார். எடுத்தால் எதிரே நிற்கிறவர் முகம் மாறிவிடுமாம். அதனால் என் தங்கை அவர் பின்னால் நின்று, இடுப்பு பெல்ட்டில் இரண்டு விரலை மாட்டிக்கொள்வாள். இழுத்தால் நிற்கவேண்டும். இழுக்காவிட்டால் வழி இருக்கிறது என்று அர்த்தம். கடைத்தெருவிலும் ரயில் நிலையத்திலும் படிக்கட்டிலும் அந்த இரண்டு விரலை நம்பி அவர் பின்னாலேயே நடந்துகொண்டிருப்பார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஒரு தடவைகூட அவர் தடுக்கி விழுந்ததில்லை.

அன்றைக்குத் தங்கைக்கு விடைத்தாள் திருத்துகிற வேலை, விடுப்புக் கிடைக்கவில்லை. என்னைப் போனில் கூப்பிட்டாள். "அண்ணா, நீங்க கூடப் போனா எனக்கு நிம்மதி. அந்தக் கட்டடம் உங்களுக்குத் தெரிஞ்ச இடம். பெல்ட்ல விரலை மட்டும் மாட்டிக்குங்க, மத்ததை அவர் பாத்துக்குவார்."

அந்தக் கட்டடம் எனக்குத் தெரிந்த இடம்தான். மொட்டைமாடியின் மேற்குப் பக்கத்தில், சாமான் மேலே ஏற்றுவதற்காகப் பதினோரு அடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாமல் விட்டிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு நானே போய்ப் பார்த்து, ஏழு நாளுக்குள் சுவர் எழுப்பவேண்டும் என்று குறிப்பு எழுதியிருந்தேன். கான்ட்ராக்டர் இரண்டு பிளாஸ்டிக் தடுப்புகளைக் கொண்டுவந்து குறுக்கே வைத்துவிட்டு, அதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார். இந்த மாதிரி ஆட்கள் எழுதியதைப் படிப்பதே இல்லை.

ஐந்தே முக்காலுக்குள் முடிந்துவிடும் என்று பேச்சு. கான்ட்ராக்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், அவர் மனைவி தலைக்குச் சாயம் பூசியிருந்தார். கல்யாணமாகி நாற்பது வருடமாம். இரண்டு பேரும் தபால்தலையில் இருப்பவர்களைப் போல விறைத்து நின்றார்கள். மாப்பிள்ளை, கேமராவைப் பார்க்காதீங்க, ஒருத்தரை ஒருத்தர் பாருங்க என்றார். அந்த மனிதர் மனைவி முகத்தைக் கடைசியாக எப்போது நேராகப் பார்த்தாரோ, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்த அம்மாளின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. படம் அமையாது என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், அப்போதே அமையாமல் போயிருந்தால் நான் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு அவரோடு கீழே இறங்கி வந்திருப்பேன். வழியில் டீ வாங்கிக் கொடுத்து ஆறுதலும் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவர் விடவில்லை. அந்த அம்மாளிடம் ஏதேதோ பேச்சுக் கொடுத்தார். கல்யாணத்தன்று இவர் எப்படி இருந்தார் என்று கேட்டார். அந்த அம்மா, அப்போதும் இப்படித்தான் முழித்தார் என்றார். கான்ட்ராக்டர் முகத்தில் ஏதோ இளகியது. நான் பின்னால் நின்று அதைப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் பூட்டிய கதவுகளைப் பார்த்த கண் இது. ஒரு கதவு திறக்கப்போகிறது என்றால் எனக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், எதையும் பூசி மெழுக நான் இங்கே வரவில்லை.

வெயில் தாழ்ந்துவிட்டதால் எங்கள் பின்னால் இருந்த தடுப்புகளின் நிழல், முன்னால் தரையில் அவர்கள் காலடிவரை கோடு கோடாக விழுந்திருந்தது. நான் மாப்பிள்ளையிடம் அதைச் சுட்டிக்காட்டினேன். நிழல் அசிங்கமாக இருக்கிறது என்றேன். அவர் கேமராவுக்குள் பார்த்து, ஆமாம் மச்சான், நல்லவேளை சொன்னீங்க, கொஞ்சம் நகர்த்திடுங்க என்றார். நகர்த்தினேன். இரண்டும் லேசான பொருள்கள், ஒரு கையால் தூக்கிவிடலாம். படம் பற்றி ஒருவர் கருத்துக் கேட்டால் சொல்வது எங்கள் குழுவில் சாதாரண வழக்கம்.

பிறகு அவர் பின்னால் வந்து பெல்ட்டில் இரண்டு விரலை மாட்டிக்கொண்டேன். அவர் ஓர் அடி பின்னால் வந்தார், நானும் வந்தேன். இன்னோர் அடி. அவர் நிழல் ஒரு பக்கமாகச் சாய்ந்து படத்துக்கு வெளியே போய்விட்டது. அவருக்கு இடப்பக்கம் நின்றிருந்த என் நிழல்தான் நடுவில், அந்த இருவருக்கும் முன்னால் கறுப்பாகக் கிடந்தது. யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் நகரத்தான் செய்வார்கள். விரலை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் தள்ளி நின்றேன். நிழல் போய்விட்டது. தரை துடைத்துவிட்டதுபோல இருந்தது.

இதுவரைக்கும் உங்களிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். சம்பவம் நடந்த அன்று நீங்கள் எடுத்த வாக்குமூலத்தில், என் நிழல் விழுந்ததால் நகர்ந்தேன், அதற்குள் அவர் பின்னால் போய்விட்டார் என்று இருக்கிறது. நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்து, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றீர்கள். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கொஞ்சம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

பெல்ட்டிலிருந்து விரல் போனது அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே கேட்டார். "மச்சான், இருக்கீங்களா?"

"இருக்கேன் மாப்பிள்ளை."

"கால் கட்டாகுது, முழுசா வரல. பின்னாடி இடம் இருக்கா?"

நான் தரையைப் பார்த்தேன். அளவு நாடா தேவைப்படவில்லை. அவர் குதிகாலிலிருந்து விளிம்புக்கு ஒன்றே கால் அடி. என் தொழிலில் இந்தக் கணக்கு ஒருபோதும் தப்பாது.

"இருக்கு மாப்பிள்ளை. இன்னும் ரெண்டடி."

அவர் ஓர் அடி வைத்தார். மூச்சை நல்லா இழுங்க என்றார். பிடிச்சுக்குங்க என்றார். அந்தக் கிழவரும் கிழவியும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். விடுங்க என்றார். கேமரா சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அவர் இரண்டாவது அடியை வைத்தார்.

கத்தவில்லை. அந்த அம்மா சிரித்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, தம்பி எங்கே என்று என்னிடம் கேட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவர்கள் இருவரும் தாங்கள் ஒருவரையொருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொன்னார்கள், அது நிஜம். சுவர் கட்டாததற்காகக் கான்ட்ராக்டர் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள், அதற்கு என் ஆய்வுக் குறிப்பையே ஆதாரமாக வைத்திருக்கிறீர்கள். அவர் இளைத்துத் துரும்பாகிவிட்டார் என்று கேள்வி. அவருக்காக நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். ஏழு நாள் என்றால் ஏழு நாள்தான். என் தங்கைக்காகவும் வரவில்லை. காரியங்கள் எல்லாவற்றையும் முன்னால் நின்று நான்தான் செய்து முடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் அவள் என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கடைசியா அவரைத் தொட்டுட்டு இருந்தது இந்த விரல்தான் அண்ணா" என்று அழுதாள். அது சரியான தகவல் இல்லை. நான் திருத்தவில்லை. அந்தக் கையை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் வெகுநேரம் ஆயிற்று.

கேமரா நொறுங்கிவிட்டது, உள்ளே இருந்த மெமரி கார்டு தப்பிவிட்டது. அதை உரியவரிடம் ஒப்படைக்கிறோம் என்று நீங்கள்தான் தங்கையிடம் கொடுத்தீர்கள். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அவள் நூலகத்துக் கூடத்தை வாங்கி அவருடைய படங்களைக் கண்காட்சி வைத்திருக்கிறாள். நாற்பது படங்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு அந்தக் கடைசிப் படம். பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு வந்தது. இந்த வருடத்தின் சிறந்த படம் என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு தேர்ந்தெடுத்துவிட்டது. பல் டாக்டர் முன்மொழிந்தார், எட்டுப் பேரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கவேண்டியதாயிற்று. வங்கி மேலாளர் படத்துக்கு முன்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டே, இனிமேல் சூரியனை எடுக்க மனசு வராது என்றார். நாளை மாலை நிறைவு விழா. தலைவர் என்ற முறையில் நான் பேசவேண்டும் என்று தங்கை கேட்டிருக்கிறாள். என்ன பேசுவது என்று எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. எழுந்து இங்கே வந்துவிட்டேன்.

கோப்பில் அந்தப் படத்தின் பிரதி ஒன்று இருக்கிறது. எடுத்து நிதானமாகப் பாருங்கள். நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனிதரை ஒரு பெண் அப்போதுதான் கண்டுபிடித்ததுபோலச் சிரிக்கிறாள். நல்ல படம். நான் பார்த்த படங்களிலேயே நல்ல படம். தரையில் தடுப்பின் நிழல் ஒரு கோடாவது இருக்கிறதா பாருங்கள். எடுக்கச் சொன்னது நான். அந்த வெளிச்சம் எத்தனை மணிக்குக் கிடைக்கும், எந்தப் பக்கம் நின்றால் கிடைக்கும் என்று சொன்னது நான். தலை முதல் கால்வரை இரண்டு பேரும் அப்படி முழுதாக வரவேண்டுமானால் ஓர் அடி பின்னால் போகவேண்டியிருந்தது. இடம் இருக்கிறது என்று சொன்னது நான். இன்னொருவராக இருந்தால் பெல்ட்டைப் பிடித்து இழுத்திருப்பார்கள், படம் முழங்காலோடு நின்றிருக்கும். மாப்பிள்ளை தன் பங்குக்கு மூச்சை விடச் சொல்லிப் பொத்தானை அமுக்கினார்.

அவரை நான்தான் கொன்றேன். தெரிந்தே சொன்னேன், தெரிந்தே நகர்ந்தேன். எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், எத்தனை வருடம் என்று சொல்கிறார்களோ அத்தனை வருடம் இருந்துவிட்டு வருகிறேன். எனக்கு ஒரே ஒரு கோரிக்கை, அதையும் நாளை மாலைக்குள் செய்துகொடுக்கவேண்டும். கண்காட்சியில் அந்தப் படத்துக்குக் கீழே மாப்பிள்ளை பெயரை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே இரண்டு பெயர் இருக்கவேண்டும். இடம் போதாது என்றால் என் பெயர் மட்டும் போதும்.